ஏரியில் மட்டும் ஜெபம் இல்லை

சபையில் அவருக்கு 'நீள ஜெபம்' என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அடையாள அட்டையில் மட்டுமே உயிரோடு இருந்தது. விருந்துகளில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கச் சொல்லி யாராவது தெரியாத்தனமாக அவரைக் கூப்பிட்டுவிட்டால் போச்சு. உலகம் உண்டான நாளில் தொடங்குவார். நாட்டை ஆள்கிறவர்கள், ஊழியக்காரர்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள், தூர தேசத்தில் வேலை பார்க்கிற சபைப் பிள்ளைகள் என்று ஒருவரையும் விடமாட்டார். அவர் ஆமென் சொல்வதற்குள் சோறு ஆறிப்போகும், ஒன்றிரண்டு குழந்தைகள் தூங்கியும் போகும். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் போதகரே ஒருமுறை கேலி செய்தார். "அண்ணன் ஜெபத்துல ஏறிட்டா மேல் மாடி வரைக்கும் போகாம இறங்க மாட்டார்."

கேலியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையிலும் அவர் அப்படித்தான். பழுதான லிஃப்ட் என்று கூப்பிட்டால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போவார். மற்றவர்கள் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கயிறு ஓடுகிற சத்தம், பிரேக் பிடிக்கிற சத்தம், பேரிங் முனகுகிற சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, நேராகப் போய்க் கோளாறில் கை வைப்பார். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. இருபத்தெட்டு வருடமாக அது பொய்த்ததில்லை. ஆகவே ஆண்டவர் விஷயத்திலும் அதுவே சரி என்று நினைத்துவிட்டார். மனுஷன் கெட்டுப்போனது அங்கேதான்.

வீட்டில் ஜெப நேரத்தில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஒரே மகள் நான்கு வயதில் இதைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டாள். "நான் கண்ணைத் திறந்தது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்களும் திறந்திருந்தீங்களா?" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆண்டவர் சொன்னார்" என்று சமாளித்தார்.

அந்த மகளுக்கு இப்போது இருபது வயது. பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிற இடத்தில் வேலை. அட்டையில் இருக்கிற நூற்றுக்கணக்கான வண்ணங்களும் எண்ணோடு அவளுக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "அங்கிள், இது முந்நூத்தி ஏழுதானே?" என்பாள். ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார். உங்கள் பெண் மூன்று வாளி தப்பாகக் கலந்துவிட்டாள், அவளுக்கு என்னவோ சரியில்லை, வந்து பாருங்கள் என்றார். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. இடது கண் மூன்று வாரத்தில் மங்கி, நடுவில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்து, அப்புறம் அதுவும் இல்லாமல் அணைந்துபோனது.

கண் டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "நரம்பு வாடிக்கிட்டு வருது. மருந்து இல்ல. வலது கண்ணும் போகும். ஆறு மாசத்துல போகலாம், ஆறே நாள்லயும் போகலாம். அவளுக்குக் காட்ட நினைக்கிறதை எல்லாம் இப்பவே காட்டிடுங்க."

அன்றிலிருந்து அவர் மகளைக் 'கண்ணு' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

என்ன பார்க்கணும் என்று அம்மாதான் மகளிடம் கேட்டாள். அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். எதையும் அளவெடுத்து, வெட்டி, முடித்துவிட வேண்டும் அவளுக்கு. மகள் யோசிக்கவே இல்லை. ஞாயிறு பள்ளியில் படம் காட்டுவார்களே, வேதாகமத்தில் வருகிற இடங்கள், அதெல்லாம் பார்க்கணும் என்றாள். முக்கியமாக ஆண்டவர் தண்ணீர்மேல் நடந்த அந்த ஏரி. "அந்தப் படத்துல ஏரியை ஒரே நீலமா அடிச்சு வெச்சிருப்பாங்கம்மா. தண்ணி அப்படி இருக்காது. நேர்ல என்ன நிறம்னு பார்க்கணும்."

சபையிலிருந்து முப்பது பேர் அந்தத் தேசங்களுக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். போதகர் இவர்கள் மூவருக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். பத்து நாள், பத்து இடம். ஏரி கடைசி நாள்.

மனைவி காட்டுவதற்காகப் புறப்பட்டாள். அவரோ கேட்பதற்காகப் புறப்பட்டார். இரண்டும் ஒன்றல்ல என்பது பெட்டி கட்டும்போது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முதல் நாள் ஒரு பழைய நகரத்தின் இடிபாடுகள். தேர் ஓடித் தேய்ந்த கல் வீதி, இரண்டு பக்கமும் தூண்கள், தலையில்லாத தூண்களே அதிகம். மகள் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்பா, அந்தத் தூண்ல வெயில் படற பக்கம் நானூத்திப் பன்னெண்டு. நிழல்ல இருக்கிற பக்கம் நானூத்திப் பதினஞ்சு. ஒரே கல்லுப்பா."

"கல்லுக்குப் போய் நம்பரா?" என்றார் அவர். ஆனாலும் உள்ளுக்குள் பெருமைதான். பிறகு மூவரும் கைகோத்து நின்றார்கள். அப்போஸ்தலர் நடந்த வீதியாயிற்றே, ஜெபிக்காமல் போக முடியுமா? அவர் கண்ணை மூடினார். மனைவியும் மகளும் மூடினார்கள். அவர் உலகம் உண்டான நாளில் தொடங்கினார். ஒரு இடத்துக்கு வழிகாட்டி ஒதுக்கிய நேரமே அரை மணிதான். அவர் ஆமென் சொன்னபோது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆண்டவருக்கு அவசரம் இல்லை, டிரைவருக்கு இருந்தது.

இரண்டாம் நாள் மலை. மூன்றாம் நாள், பழைய முற்பிதா ஒருவர் வெட்டியதாகச் சொல்கிற கிணறு. நான்காம் நாள் ஆண்டவருக்கு ஞானஸ்நானம் நடந்த ஆறு. எங்கே போனாலும் இதே கதைதான். மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள், கல் பொறுக்கினார்கள், கரையில் உட்கார்ந்து கால் நனைத்தார்கள். இவர்கள் மூவரும் ஓரமாக வட்டம் கட்டிக் கண்ணை மூடி நின்றார்கள். ஆற்றங்கரையில் ஒரு தடவை மகள் மெதுவாக, "அப்பா, முதல்ல ஒரு சுத்துச் சுத்திப் பார்த்துட்டு அப்புறம் ஜெபிக்கலாமா?" என்று கேட்டாள். "முதல்ல ஆண்டவர், அப்புறம் ஆறு" என்றார். ஆண்டவர் முடிந்தபோது ஆற்றுக்கு நேரம் இல்லை.

ஐந்தாம் நாள் காலை, ஹோட்டல் அறையில் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு."

"காட்டச் சொன்னாரு. நீங்க எங்க போனாலும் புள்ளையைக் கண்ணை மூடச் சொல்றீங்க. இதுக்கு வீட்டுலயே மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே? விமானம் ஏறி வந்தா மூடணும்?"

"நான் எதுக்கு மூடச் சொல்றேன்? நாளைக்கு அந்தக் குளத்துக்குப் போறோம். பிறவிக் குருடன் முகம் கழுவிப் பார்வை வாங்கின குளம். அதுக்கு முன்னாடி அவ மனசு ஆயத்தமாக வேணாமா? அவளுக்கு இன்னும் அறுபது வருஷம் பார்வை வாங்கித் தரணும்னு நான் அல்லாடறேன். நீ அரை மணி நேரத்தைக் கணக்குப் பார்க்கிற."

"அறுபது வருஷம் கிடைச்சா எனக்கு மட்டும் கசக்குமா? ஆனா கையில இருக்கிறது இந்த அரை மணிதாங்க."

கோபம் வந்தால் அவர் பேசமாட்டார், சட்டைப் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போடுவார். போட்டார். பயந்தும் போயிருந்தார். கேட்டே தீர வேண்டும், விடாமல் கேட்க வேண்டும், நடுவில் நிறுத்திவிட்டால் கயிறு அறுந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவர் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தார். அன்று போன கோட்டையிலும் பாதி நேரம் கண்ணை மூடித்தான் நின்றார்கள்.

ஆறாம் நாள் குளம். கீழே இறங்கப் படிகள் இருந்தன. மகள் அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "வழுக்குதும்மா" என்றாள். அவர் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளினார். லிஃப்ட் கயிற்றின் கிரீஸ் ரேகைகளில் ஏறிப்போன கைகள் அவை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கைகளால் மகளின் கண்களைக் கழுவினார், முதலில் இடது, பிறகு வலது. அப்புறம் ஜெபித்தார். அன்றைக்கு ஆட்சியாளர்கள், ஊழியக்காரர்கள் யாரும் வரவில்லை. மகள் ஒருத்திதான். "என் கண்ணை எடுத்துக்கொள்ளும், அவளுக்குக் கொடும்" என்று வாய்விட்டு அழுதார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆமென் சொன்னார். மகள் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக அவர் முகத்தின் பக்கம் பார்த்தாள்.

"என்ன பாப்பா?"

அவள் இமையை இரண்டு தடவை கொட்டினாள். பிறகு திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஜெபிங்கப்பா."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அவள் வாழ்நாளில் கேட்காத வார்த்தை அது. இன்னும் கால் மணி நேரம் ஜெபித்தார். ஹாரன் அடித்தது, அவர் கவலைப்படவில்லை. பஸ்ஸில் ஏறும்போது மனைவியைப் பார்த்து, 'பார்த்தாயா?' என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மகள் ஆளே மாறிவிட்டாள் என்று அவர் நினைத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம் என்றாள். இறங்கினால் அம்மாவின் முழங்கையை விடமாட்டாள். வண்ணத்துக்கு எண் சொல்லும் விளையாட்டை விட்டுவிட்டாள். எந்த இடத்தில் இறங்கினாலும் அவளே கையை நீட்டி, "ஜெபிக்கலாம்பா" என்பாள். எங்கே போனாலும் கண்ணை மூடி, தலை குனிந்து, கடைசி வரை அசையாமல் நின்றாள். ஆண்டவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் போதகர் வந்து அவர் தோளைத் தட்டி, "அண்ணே, பொண்ணு எங்க எல்லாரையும் விட ஆழமா போய்க்கிட்டு இருக்கா" என்றார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த மூன்று நாளும் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பத்தாம் நாள் காலை, ஏரிக்குப் புறப்படுமுன், மனைவி அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை அவள் சண்டை போடவில்லை. கும்பிடவே செய்தாள்.

"ஏரி மட்டும் வேணாங்க. அதுதான் அவ ஆசைப்பட்டுக் கேட்டது. அங்க மட்டும் ஜெபிக்காதீங்க. அவ பார்க்கட்டும்."

இருபத்திரண்டு வருடத்தில் மனைவி அவரைக் கும்பிட்டதில்லை. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. "சரி" என்றார். அவருக்கு அது லேசான காரியம் இல்லை. ஒரு மனிதன் தன்னிடம் இருக்கிற ஒரே கருவியைக் கீழே வைக்கிறதென்றால் சும்மாவா? வைத்தார், மகளுக்காக வைத்தார்.

படகு பெரிய மரப் படகு. முப்பது பேரும் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். கரை விலகி, எஞ்சினை நிறுத்தியதும் சத்தம் அடங்கியது. மகள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். "ஜெபிக்கலாம்பா."

"இன்னிக்கு இல்ல பாப்பா." குரலைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டார். "அப்பா இன்னிக்கு வாயே திறக்க மாட்டேன். நீ கேட்ட ஏரி. நல்லாப் பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. "கொஞ்சம் ஜெபிச்சுட்டுப் பார்க்கலாமேப்பா."

"வேணாம்னு சொல்றேன்ல. பாரு."

அவள் எழுந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழிகாட்டி இடது பக்கம் கை காட்டி, அதோ அந்த மலைச்சரிவில்தான் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தது என்றான். முப்பது தலையும் இடது பக்கம் திரும்பியது. மகளின் தலை வலது பக்கம் இருந்தது. அங்கே படகின் கூடாரத்துணியைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு முழ தூரத்தில் தொங்கிய அந்தத் துணியை அவள் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வைத்திருந்தாள்.

முதலில் அம்மாதான் பார்த்தாள். அவள் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"பாப்பா," என்றார் அவர். எழுந்து போய் அவள் முகத்துக்கு நேரே நின்றார். அவள் கண் அவர் மேல் வந்து நிற்கவில்லை. "பாப்பா, அப்பா எங்க நிக்கறேன்?"

சிரிப்பு போய்விட்டது. "இங்கதான். கிரீஸ் வாசனை வருதே."

"எத்தனை நாளா?"

"குளத்துக்குப் போன அன்னிக்குக் காலைல எந்திரிச்சப்பவே தெரியலப்பா. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரியுது." சாதாரணமாகத்தான் சொன்னாள், ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைப் போல. "நீங்க கழுவினா சரியாயிடும்னுதான் நானும் நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன்பா. சரியாகல. அப்புறம் இன்னும் கொஞ்சம் ஜெபிச்சா சரியாகும்னு நினைச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாப்பா." இது அம்மா.

"சொன்னா அன்னிக்கே ஊருக்குத் திரும்பியிருப்பீங்க. அப்பா நல்லா தூங்க ஆரம்பிச்சிருந்தாரும்மா. குறட்டைச் சத்தம் கேட்டுச்சு. அதுவும் இல்லாம..." நிறுத்தினாள். "ஜெபிக்கிறப்ப எல்லாருமே கண்ணை மூடிட்டுத்தானே இருக்கோம். அந்த நேரத்துல மட்டும் நானும் உங்களை மாதிரி இருந்தேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி மகளைக் கட்டிக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள், தோள் மட்டும் குலுங்கியது. மற்றவர்கள் இன்னும் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் அழவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கையால் பெஞ்சைத் தடவித் தடவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போனது போகட்டும்பா. எனக்கு ஒண்ணு செய்யுங்க. நான் பார்க்காததை எல்லாம் நீங்க சொல்லுங்க. நான் மனசுல வரைஞ்சு வெச்சுக்கறேன். முதல்ல அந்தக் குளம். எப்படி இருந்துச்சு?"

"குளம்..." என்றார். "படி இருந்துச்சு."

"படி என் கால்லயே தெரிஞ்சுதுப்பா. தண்ணி எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு..."

"அதுவும் எனக்குத் தெரியும். பார்க்க எப்படி இருந்துச்சு? சுத்தி சுவர் இருந்துச்சா? மேல வானம் தெரிஞ்சுதா? யாரெல்லாம் நின்னாங்க?"

அவர் தேடினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே தேடினார். அன்று சொன்ன ஜெபம் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் இருந்தது. ஹாரன் சத்தம் நினைவில் இருந்தது. யாரோ ஒருவர் இருமியது நினைவில் இருந்தது. குளம் இல்லை. சரி, கல்லறைத் தோட்டம்? அங்கேயும் அவருடைய குரல்தான் கேட்டது, ஒரு மரம்கூட வரவில்லை. கிணறு? ஆறு? மலை? மலைக்கே போய் வந்திருக்கிறார், அது எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று அவரைக் கேட்டால் தெரியாது.

"அம்மா, நீ சொல்லேன்" என்றாள் மகள்.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரியாம நான் நடுநடுவுல கண்ணைத் திறந்தேன்டி. ஆனா உன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். வேற எதையும் பார்க்கல."

மகள் இரண்டு பேரின் மூச்சையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும்தான் கேட்டாள்.

"அப்போ யாருமே பார்க்கலயாப்பா?"

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏரியாவது மிச்சம் இருக்கிறது, அதையாவது சொல்லிவிடலாம் என்று அவசர அவசரமாகத் தண்ணீரின் பக்கம் திரும்பினார். கண்ணை அகலத் திறந்து பார்த்தார். "இரு பாப்பா, சொல்றேன், இப்பச் சொல்றேன்" என்றார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்துகொண்டே இருந்தது. ஏரி என்ன நிறம் என்று அவருக்கும் தெரியவில்லை.